ஸ்பிரிங்ஃபீல்டு கார்டும் கருங்கல் ரேஷன் கடையும்

இந்தத் தடவை லீவுக்கு வந்த மூன்றாம் நாள் அம்மாவோடு ரேஷன் கடைக்குப் போனேன். எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் பக்கம். அம்மா மெஷினில் விரல் வைத்தாள், எடுக்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அரிசி இலவசம். சீனி கிலோ 25 ரூபாய், துவரம் பருப்பு 30, பாமாயில் லிட்டர் 25. வரிசையில் பின்னால் நின்ற பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள்: "அமெரிக்காவுல ரேஷன் வாங்கித் தின்னுதான் ஜனங்க எல்லாம் குண்டாயிட்டாவன்னு யூடியூப்ல ஒருத்தன் சொன்னான். உள்ளதா பிள்ளே?"

சாக்கைத் தூக்கிக்கொண்டு வரும் வழியில் ஏதோ பதில் சொன்னேன். அது போதவில்லை. நான்கு வருடம் அந்த ரேஷனுக்கு பில் போட்ட கை இது.

மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு நாங்கள் போன புதிதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு பலசரக்குக் கடையில் கவுண்டரில் நிற்பது. அங்கே ரேஷனுக்குத் தனிக்கடை கிடையாது. ஏ.டி.எம். கார்டு போல ஒரு கார்டு, அதில் மாதாமாதம் அரசு பணம் போடும். திட்டத்தின் பெயர் ஸ்நாப். 2008 வரை ஃபுட் ஸ்டாம்ப் என்று பெயர், வயதானவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். 1964-இல் சட்டமானது. 2024-இல் 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாங்கினார்கள். சராசரியாக ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 6 டாலர்தான் வரும். எங்களைப் போலக் குடியேறி வந்த பெரியவர்கள் கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆகாமல் பொதுவாக அதற்கு விண்ணப்பிக்க முடியாது.

எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று படிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. சோப்பு, டயப்பர் கிடையாது. சுடச்சுட விற்கும் உணவு கிடையாது. முழுக்கோழியைச் சுட்டு வெப்பப் பெட்டியில் வைத்திருப்பார்கள், அதை எடுத்து வந்தால் கார்டு செல்லாது. அதே கோழி ஆறிப்போய் குளிர்பெட்டிக்குப் போனால் செல்லும். இரண்டு லிட்டர் சோடாவும் (அங்கே கோலா மாதிரி இனிப்புக் குளிர்பானத்துக்கு அதுதான் பெயர்) சிப்ஸும் செல்லும். இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைகளோடு வரும் தாயிடம், "இந்தக் கோழி சூடா இருக்கு, எடுக்க முடியாது" என்று சொல்வது எனக்குக் கடைசிவரை பழகவே இல்லை.

எங்கள் மாநிலத்தில் மாதத்தின் முதல் 14 நாளுக்குள் கார்டில் பணம் ஏறிவிடும். அப்போது வண்டி நிறைய இறைச்சி, பால், பழம். கடைசி வாரம் ரொட்டி, நூடுல்ஸ், சோடா. வயிற்றை நிறைக்கிறதில் எது மலிவோ அது. ஒரு நாள் மூன்று டாலர் குறைந்ததும் ஒரு பெண் ஆப்பிள் பையைத்தான் திருப்பித் தந்தாள். சோடா இருந்தது. அவள் சின்னவன் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றான். மாதத் தொடக்கத்தில் நிறைய, முடிவில் பட்டினி என்று உடம்பு மாறி மாறிப் பழகினால் எடை ஏறலாம் என்று 1990-களிலேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

உதவி வாங்குகிற பெண்களிடம் பருமன் அதிகம் என்று சில ஆய்வுகள் கண்டதும் உண்மை. ஆண்களிடம் அது அவ்வளவாகத் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே கஷ்டப்படுகிறவர்கள்தானே இந்த உதவிக்கே போகிறார்கள்? வறுமையையும் கார்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபமில்லை. அந்த நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 40 பேர் பருமனானவர்கள், அதில் கார்டையே பார்க்காதவர்களும் ஏராளம். நானும் முதல் இரண்டு பனிக்காலத்தில் பதினொரு கிலோ ஏறினேன், கார்டு இல்லாமலேயே. நடக்க இடமில்லை, வெயிலில்லை, இடைவேளையில் கைக்கு எட்டுவது டோனட்.

ஸ்பிரிங்ஃபீல்டு இருக்கும் ஹாம்டன் கவுண்டியிலேயே (நம் மாவட்டம் போல) 2011, 2012-இல் ஒரு சோதனை நடந்திருக்கிறது. 7,500 குடும்பங்களுக்கு, காய் பழத்துக்குக் கார்டில் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிட நான்கில் ஒரு பங்கு அதிகமாகக் காயும் பழமும் சாப்பிட்டார்கள். வெறும் 30 சென்ட்! இப்போது நெப்ராஸ்கா தொடங்கிச் சில மாநிலங்கள் 2026 முதல் கார்டில் சோடாவை நிறுத்தியிருக்கின்றன. சோடா போவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ஆப்பிள் பைக்கு மூன்று டாலர் கொடுக்காமல் சோடாவை மட்டும் பிடுங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, நம் ஊர். அம்மாவுக்குப் பத்து வருடமாக சுகர். காலையில் ரேஷன் அரிசி இட்லி, மதியம் சோறு, ராத்திரி மிச்சச் சோறு, பொரிக்க பாமாயில். 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 40 பேர், ஆண்களில் 37 பேர் எடை கூடியவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் பெண்கள் 31-தான். இதை ரேஷன் அரிசி தலையில் கட்டவும் எனக்கு மனமில்லை. திருவிதாங்கூராக இருந்தபோது, உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோக, மரச்சீனிக்கிழங்கை, அதாவது மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்த ஊர் இது. அரிசி வேண்டும். அரிசியும் சீனியும் எண்ணெயும் தருகிற அதே கையால் சிறுபயறும் தர வேண்டும் என்றுதான் கேட்கிறேன். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023 முதல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு தருகிறார்களே, அது இங்கேயும் வரட்டும்.

இதையெல்லாம் அன்று ராத்திரி அடுக்களையில் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளை பின்னே ஆப்பிள் வாங்கினாளா மக்களே?" என்றாள்.

வாங்கினாள். அடுத்த மாதம் இரண்டாம் வாரம் வந்தாள். அதே பை. பில் போட்டு முடிப்பதற்குள் சின்னவன் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டான்.