முதலில் பிளாங்க்கைப் பார்

காட்டில் வேலை, விலங்குகளைப் பார்க்கலாம் என்ற ஆசையில்தான் சேர்ந்தேன். பார்த்ததில் பெரும்பகுதி சேறு. விலங்கு வந்துபோன தண்ணீரை வடிகட்டுவதுதான் என் பணி. எச்சில், முடி, தோல் செல், சிறுநீர் என்று ஏதோ ஒரு வழியில் அதன் டி.என்.ஏ. தண்ணீரில் கலந்திருக்கும். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் 12எஸ் என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டைப் பெருக்கி வாசித்தால் வந்தது யார் என்று தெரிந்துவிடும்.

சொல்வது சுலபம். 0.45 மைக்ரான் துளையுள்ள ஃபில்டர் தாளில் குட்டைத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். முதலில் கடகடவென்று இறங்கும். அப்புறம் தாள் பழுப்பேறி, சொட்டுச் சொட்டாகி, நின்றே போகும். கை பம்பை அழுத்தி அழுத்தித் தோள் விட்டுப்போகும். கால் லிட்டர் தேறினாலே பெரிது. வெயிலும் சூடும் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் என்பதால், தாளை இடுக்கியால் மடித்து எத்தனாலில் போடும்வரை பதற்றம்தான்.

ஒருமுறை முடிவுகளில் நீர்நாய் வந்தது. மாதக்கணக்காகக் கேமராவில் ஒரு வால்கூடப் படாத ஓடை அது. பட்டியலோடு மூத்தவரிடம் ஓடினேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "பிளாங்க்ல என்ன வந்திருக்கு, பார்த்தியா?"

பிளாங்க் என்றால் சுத்தமான நீர். அதையும் ஓடைக்கரையிலேயே, மற்றவற்றைப் போலவே வடிகட்டுவோம். அதில் எதுவும் வரக் கூடாது. வந்திருந்தது: மனிதன், பன்றி, நீர்நாய். மனிதன் வருவது புதிதல்ல, நம் கையும் மூச்சும் போதும். நீர்நாய்? யோசித்தபோது உறைத்தது. முந்தைய வாரம் வேறோர் ஆற்றில் நீர்நாய் எச்சம் எடுத்த இடுக்கி அது. ப்ளீச்சில் கழுவியதாக நினைவில்லை. அந்தத் தொகுதி முழுவதும் குப்பைக்குப் போனது.

2022இல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்தின் ஹேமர்டன் விலங்குப் பூங்காவில் வெறும் காற்றை வடிகட்டியே 25 இனங்களைக் கண்டுபிடித்திருந்தார்கள். விலங்குகளுக்குத் தீனியாகப் போட்ட கோழியும் அதில் அடக்கம்! படித்தபோது என் பன்றி ஞாபகம் வந்தது. உயிரோடு வந்ததா, இறைச்சியாக வந்ததா என்று இந்த முறைக்குத் தெரியாது.

அதே ஓடைக்கு மறுபடி போனோம். புது இடுக்கி, மாதிரிக்கு ஒரு ஜோடி கையுறை, ஒரு பிளாங்க்குக்குப் பதில் மூன்று. ஓடையில் எடுத்த ஆறு மாதிரிகளில் ஒன்றில் மட்டும் நீர்நாய். எத்தனை நீர்நாய்கள், ஆணா பெண்ணா, இங்கேயே இருந்ததா, மேலே எங்கிருந்தோ தண்ணீர் இழுத்துவந்ததா, எதையும் பட்டியல் சொல்லவில்லை. சரி, அதெல்லாம் பிறகு. நான் முதலில் பார்த்தது பிளாங்க்கைத்தான். மூன்றுமே காலி.