கடலைப் பார்க்கும் முன் பேட்டரியைப் பாருங்கள்

டொமினிகன் குடியரசில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க நினைப்பவர்களுக்கு: 171-07 சட்டப்படி வசிப்புரிமை பெற மாதம் 1,500 டாலர் ஓய்வூதியம் காட்ட வேண்டும். உடன் வரும் ஒவ்வொருவருக்கும் 250 கூடுதல்.

செலவு கட்டுப்படியாக வேண்டுமென்றால் வடகரையில் புவேர்ட்டோ பிளாட்டா. உள்ளூர்க்காரர்கள் வாழும் நிஜமான ஊர், விமான நிலையமும் பக்கம்.

கடலை ஒட்டிய முதல் வரிசை வீடு வேண்டவே வேண்டாம். உப்புக்காற்று ஏசியின் வெளி யூனிட்டையும் ஜன்னல் கீல்களையும் அரித்துத் தின்றுவிடும். நாலு தெரு உள்ளே போனால் வாடகையும் இறங்கும். கரண்ட் அடிக்கடி போகும். 'இன்வெர்ட்டர் இருக்கு' என்ற பேச்சை நம்பாமல், மெயினை அணைக்கச் சொல்லி ஃபேனும் ஃபிரிட்ஜும் எவ்வளவு நேரம் ஓடுகின்றன என்று நின்று பாருங்கள்.

வாங்குவதானால் 'தெஸ்லிந்தே' என்கிற நில அளவை முடிந்த பத்திரம்தானா என்று வக்கீலை வைத்துப் பார்க்கணும். அதற்கு முன் ஆறு மாதம் வாடகைக்கு இருங்கள், புயல் மாதமான செப்டம்பரும் அதில் அடங்கும்படி.