ஜன்னல்

பிப்ரவரி 11
டிபிக்கு மூன்று மாத்திரை, வெறும் வயிற்றில். அம்மா ஒரே மடக்கில் விழுங்கிவிட்டாள். எடை 36 கிலோ.

பிப்ரவரி 12
சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து ரத்தம் என்று பயந்துவிட்டாள். மருந்தின் நிறம்தான். நர்ஸ் நேற்றே சொன்னார், நான்தான் அம்மாவிடம் சொல்ல மறந்தேன். கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 16
மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் தையல் வேலைக்காகப் பத்து வருஷமாக தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்குகிறேன். அந்தப் பேர் இப்போதுதான் காதில் விழுகிறது. டாக்டர் சௌரி முத்து இங்கே டிபி நோயாளிகள் தங்கித் தேறுவதற்கான சானடோரியம் தொடங்கியது 1928-இல். இங்கிலாந்தில் கணித மேதை ராமானுஜனுக்கு வைத்தியம் பார்த்தவரும் அவர்தான். அப்போது டிபிக்கு மாத்திரை கிடையாது. காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு. பச்சைமலைப் பக்கம் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

மார்ச் 2
வீட்டுக்காரம்மா ஜன்னலைச் சாத்தச் சொல்கிறார். இருமல் படிக்கட்டு வரை கேட்கிறதாம். மாட்டேன் என்றேன். குரல் நடுங்கிவிட்டது.

மார்ச் 3
சாத்தவில்லை.

மார்ச் 9
பாப்பா பாட்டியோடு படுக்கணும் என்று அழுது தூங்கினாள். அவளுக்கும் பரிசோதனை முடிந்து தடுப்பு மருந்து தொடங்கியாயிற்று. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் டிபி பற்றி ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஒரு பாதிப் பேருக்கு சானடோரியத்தில் மருந்து, மறுபாதிக்கு நெருக்கடியான வீட்டிலேயே. வீட்டில் இருந்தவர்களும் அதே அளவு தேறினார்கள். கூட இருந்தவர்களுக்குக் கூடுதலாகப் பரவவும் இல்லை. மருந்து உள்ளே போனால் தொற்று சீக்கிரம் குறைந்துவிடும், ஆபத்தெல்லாம் அதற்கு முந்தைய நாட்களில்தான். அந்த நாட்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். டிசம்பர் மழையில் ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் ஒரே பாயில் படுத்தோம். சாதாரணச் சளி என்று மிளகு ரசம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20
லைனில் இரண்டு காலரைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். பிரித்துத் தைப்பதற்குள் பீஸ் குவிந்துவிட்டது. பக்கத்து மெஷின் அக்கா ஒன்றும் கேட்காமல் பாதியை எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 6
38 கிலோ! வெயில் தகித்தது. மூன்று மணிக்குக் கடல்காற்று இறங்கியதும் திரைச்சீலை அம்மாவின் முகத்தில் வந்து விழுந்தது. விலக்காமல் அப்படியே படுத்திருந்தாள். ராத்திரி இன்னும் கொஞ்சம் சோறு போடு என்றாள்.

ஏப்ரல் 8
அம்மாவின் சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஏப்ரல் 9
ரிசல்ட் வரவில்லை. பாப்பா இப்போதே தன் பாயை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுவிட்டாள். பக்கத்தில் பாட்டியின் தலையணை.