மாத்திரையை நிறுத்தாமல் உடம்பையும் உறவையும் மீட்பது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், மனம் ஒருசமயம் கட்டுமீறிய உற்சாகத்துக்கும் ஒருசமயம் ஆழ்ந்த சோர்வுக்கும் போகும் பைபோலார் நோயோடு குடும்பம் நடத்தும் எங்களுக்குத் தெரிந்து, ஆட்கள் மாத்திரையைக் கைவிடுவது பெரும்பாலும் இரண்டு காரணத்துக்காக: உடம்பு பெருத்துவிட்டது, இல்லாவிட்டால் தாம்பத்தியத்தில் ஆசையே போய்விட்டது. டாக்டரிடம் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டில் சத்தமில்லாமல் மாத்திரையைக் குறைப்பார்கள். மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியத்தைச் சட்டென்று விட்டால் சில வாரங்களிலேயே மேனியா, அதாவது அந்தக் கட்டுமீறிய உற்சாகம், திரும்பி வரலாம். அதனால் நாங்கள் பிடித்த வழி, நிறுத்துவதல்ல, மாற்றிக் கேட்பது.

முதலில் எந்த மாத்திரை என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒலன்சபின் பசியைக் கிளப்பிவிடும், இந்த மாத்திரைகளில் எடை ஏற்றுவதில் அதுதான் முதலிடம். குவெட்டியாபினும் வால்ப்ரோயேட்டும் அடுத்து. லாமோட்ரிஜின் எடையை அவ்வளவாகத் தொடாது. லித்தியம் தாகத்தை உண்டாக்கும். அந்தத் தாகத்துக்குக் கோக்கும் ஜூஸும் குடித்தால் இடுப்பு ஏறத்தான் செய்யும். ரிஸ்பெரிடோன், பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினை உயர்த்தி மாதவிடாயை நிறுத்தும், ஆசையை அடக்கும், ஆண்களுக்கு விறைப்பைக் கெடுக்கும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். திங்கட்கிழமை காலை, சாப்பிடுமுன் எடை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப் வைத்துச் சுற்றளவு. நம் இந்திய உடல்வாகில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை. தூங்கிய மணிநேரம். ஆசைக்குப் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண். புது மாத்திரை தொடங்கிய முதல் மாதத்திலேயே எடை 5 சதவீதம் கூடினால் அடுத்த தவணைவரை காத்திருக்க வேண்டாம். மாற்று மாத்திரையோ, கூடவே சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மினோ கொடுக்க டாக்டர்களுக்கு அப்போதுதான் வழி இருக்கிறது. 15 கிலோ ஏறியபின் இறக்குவது பெரும்பாடு.

கண்ணாடி வேறு விஷயம். கோயிலுக்குக் கட்டும் பட்டுப் புடவையின் ரவிக்கையை இரண்டு முறை பிரித்துத் தைத்த தடம் உள்பக்கத்தில் வரிவரியாகத் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து அழுவதைவிட இன்றைய அளவுக்கு ஒன்று புதிதாகத் தைத்துவிடுவது நல்லது. இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று அலமாரியில் காத்திருக்கும் துணி, மாத்திரைமேல் வெறுப்பை வளர்க்கும்.

அரசு கிளினிக்கில் மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் டாக்டர் முன்னால் கிடைப்பது சில நிமிடம்தான். கூட வந்த மாமியாரை வெளியே இருக்கச் சொல்லக் கூச்சப்படக்கூடாது. துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் வாய் தடுமாறாது: "ரிஸ்பெரிடோன் 2 மில்லிகிராம் தொடங்கி ஆறு வாரம். மாதவிடாய் வரவில்லை, கர்ப்பம் இல்லை என்று சோதித்தாகிவிட்டது. ஆசை 7இலிருந்து 1. புரோலாக்டின் பார்க்க முடியுமா?" இப்படிக் கேட்டால் ஒதுக்க முடியாது.

கருத்தடையைச் சொல்லாமல் விடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. பைபோலாருக்குத் தரும் இன்னொரு மாத்திரையான கார்பமசெபின் சாப்பிட்டால் கருத்தடை மாத்திரையும் கையில் வைக்கும் இம்பிளான்ட்டும் வலுவிழக்கும். காப்பர் டி-க்கு அந்தச் சிக்கல் இல்லை. ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை லாமோட்ரிஜின் அளவை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். வால்ப்ரோயேட்டோடு கருத்தரித்தால் 100 குழந்தைகளில் 10 பேருக்குப் பிறவிக் குறை, 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சிக் கோளாறு. குழந்தை வேண்டும் என்ற பேச்சு வீட்டில் எழும்போதே டாக்டரிடம் போக வேண்டும்.

அடுத்தது காவடி. இதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. தைப்பூசம் நமக்கு நடுக்கோடையில் வருகிறது. கொடியேற்றியது முதல் பத்து நாள் விரதம், சிலர் உப்பையும் விடுவார்கள், பிறகு வெயிலில் வெறுங்காலோடு மணிக்கணக்கில் நடை. உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிவைக்கும். சாமிக்காக மரக்கறி சாப்பிடலாம், தாம்பத்தியத்தை விலக்கலாம். உப்பையும் தண்ணீரையும் விலக்கக்கூடாது. விரதத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை, கடைசி மாத்திரை போட்டு 12 மணிநேரம் கழித்து, லித்தியம் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருந்தால் பெரும்பாலானோருக்குச் சரி. கால்வலிக்கு ஐபுப்ரோஃபென் போடாதீர்கள், லித்தியத்தை அது ஏற்றிவிடும், பாரசிட்டமால் போடலாம். கை பெரிதாக நடுங்கி, வாந்தியும் பேதியும் வந்து, நடை தள்ளாடி, நாக்கு குழறினால் அடுத்த வேளை லித்தியத்தைப் போடாமல் நேரே அவசரப் பிரிவுக்கு.

மேனியாவில் ஆசை கட்டுமீறும். தெளிவாக இருக்கும் நாளில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம்தான் அப்போது காப்பாற்றும்: இரண்டு ராத்திரி நாலு மணிநேரத்துக்குக் குறைந்த தூக்கம் என்றால் வங்கி அட்டை யாரிடம், டாக்டருக்கு யார் போன் போடுவது. வெளியே உறவு நடந்துவிட்டால் சண்டை பிறகு. 72 மணிநேரத்துக்குள் கிளினிக்கில் எச்ஐவி தடுப்பு மாத்திரை கேட்டுத் தொடங்கி 28 நாள் விடாமல் போட வேண்டும். இரண்டு மாத்திரையும் ஒன்றோடொன்று மோதலாம் என்பதால், கார்பமசெபின் சாப்பிடுகிறவர் அதை அங்கே மறக்காமல் சொல்ல வேண்டும்.

சோர்வுக் காலத்தில் இதற்கு நேர்மாறு. ஆசையில்லாததை இணை தன்னை வெறுப்பதாக எடுத்துக்கொள்வார். "இன்னைக்கு கையை மட்டும் பிடிச்சுக்கலாம்" என்பதை இருவரும் முன்பே பேசி வைத்திருந்தால் முதுகு காட்டிப் படுக்க வேண்டியதில்லை. குவெட்டியாபின் போட்டு ஒரு மணிநேரத்தில் கண் சொருகிவிடும். நெருக்கத்துக்கு அதற்கு முந்திய நேரமோ, பிள்ளைகள் எழுமுன் விடியற்காலையோதான் தோது.