தொட்டியடிக் குறிப்புகள்

செப்டம்பர் 3

ஒயினுக்கான திராட்சை பழுத்துக்கொண்டிருக்கிறது. சாற்றின் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 22 பிரிக்ஸ் காட்டுகிறது. நூறு கிராம் சாற்றில் 22 கிராம் சர்க்கரை. அப்பா அந்தக் கருவியைத் தொடுவதே இல்லை. பழத்தை வாயில் போட்டுச் சாற்றை விழுங்கி, தோலை மென்று, விதையை உள்ளங்கையில் துப்பிப் பார்க்கிறார். விதை பச்சையாக இருந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த கொடிக்குப் போய்விடுவார். பழுப்பேறி, கடித்தால் மொறுக்கென்று உடைய வேண்டும். வெயில் அடித்தால் சர்க்கரை மடமடவென்று ஏறிவிடும், விதையும் தோலும் நிதானமாகத்தான் முதிரும் என்பது அவர் கட்சி. நானும் அவர் பக்கம்தான். பச்சை விதையோடு ஊறிய ஒயின் நாக்கைச் சுருட்டி இழுக்கும்.

செப்டம்பர் 9

மழை வருமாம். இந்தப் பருவத்தில் நனைந்தால் பழம் தண்ணீரை இழுத்து உப்பி வெடிக்கும். வெடித்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். எல்லாவற்றையும் நாளைக்கே பறித்துவிடலாம் என்று தம்பி நிற்கிறான். மேல் சரிவில் குலைகள் தளர்வாக, காற்றோட்டமாக இருக்கின்றன, அது தாங்கும். கீழ்ப்பகுதியில் நெருக்கமான குலைகள், அவற்றை முதலில் எடுக்கிறோம்.

செப்டம்பர் 10

விடிவதற்குள் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் பறிப்பு முடிந்தது. 23.5 பிரிக்ஸ். மழை வரவில்லை!

செப்டம்பர் 11

காம்பு நீக்கி மிதித்தோம். காலால் மிதிப்பதை வேடிக்கை என்று நினைப்பவர்கள் உண்டு. தோல் கிழியும், விதை நசுங்காது, அதுதான் விஷயம். விதை நசுங்கினால் கசப்பு. குளிர்ந்த பழத்தில் சிறிது நேரம் நின்றாலே கால் விறைத்துவிடுகிறது.

சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட் எதையும் வெளியிலிருந்து சேர்க்கவில்லை. பழத்தோலிலும் தொட்டியடியிலும் இருப்பதே போதும். முதலில் பலவகை ஈஸ்டுகள் கிளம்பும். ஆல்கஹால் ஏற ஏற மற்றவை ஓய்ந்து, அதைத் தாங்கும் சாக்கரோமைசிஸ் என்ற ஈஸ்டின் கைக்கு வேலை போய்விடும்.

செப்டம்பர் 14

பொங்கிவிட்டது! வாயு தோலையெல்லாம் மேலே தள்ளி, கை வைத்தால் கெட்டியாக நிற்கும் ஒரு மூடியாக்கியிருக்கிறது. மரத்துடுப்பால் அதை அமுக்கினால் முதலில் அசையாது. பிறகு ஓரமாக ஒரு விரிசல், அதிலிருந்து ஊதா நுரை, அப்புறம் மொத்தமும் 'புஸ்'ஸென்று உள்ளே போகிறது. அடியிலிருந்து வெதுவெதுப்பு முகத்தில் அடிக்கிறது. நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. மூடி காய்ந்து கிடந்தால் காடி நாற்றம் வந்துவிடும். அதனால் காலை, மதியம், இரவு என்று அமுக்கல்.

"எதுவும் சேர்க்காமல் சும்மா விட்டுவிடுகிறீர்களா?" என்று வருபவர்கள் கேட்கிறார்கள். சேர்க்காததால்தான் சும்மா விட முடிவதில்லை. துடுப்பு, வாளி, குழாய் என்று நாள் முழுக்கக் கழுவல்தான்.

ஒரு லிட்டர் சாறு நாற்பது லிட்டருக்கு மேல் கரியமில வாயுவை விடும். அது காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். மெழுகுவர்த்தியை நம்பி இறங்குவது பழைய பழக்கம். ஆனால் சுடர் அணைகிற அளவுக்கு முன்பே ஆளுக்கு ஆபத்து தொடங்கிவிடும். கதவைத் திறந்துபோட்டு, விசிறியை ஓடவிட்டு, வெளியே ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் நுழைகிறோம்.

செப்டம்பர் 17

இரவு தொட்டிக்குள் 31 டிகிரி. 35ஐத் தாண்டினால் ஈஸ்ட் களைத்துப் பாதியில் நின்றுவிடும். குளிர்ந்த நீர்க் குழாயைச் சுற்றி, கூடுதலாக ஒருமுறை கிளறிவிட்டோம். தூக்கம் போச்சு.

செப்டம்பர் 22

அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 0.996, தண்ணீரைவிடக் குறைவு. இனிப்பு இல்லை. தானாக வடிந்ததைத் தனியாக எடுத்துவிட்டு, தோலைக் கூண்டுப் பொறியில் இட்டுத் திருகினோம். திருகத் திருக ஒயின் முரடாகிக்கொண்டே வரும். எங்கே நிறுத்துவது என்பதற்கு எந்த மானியும் இல்லை, அப்பா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிழிந்தது தனிப் பீப்பாயில்.

அக்டோபர் 27

225 லிட்டர் பீப்பாய்களில் காதை வைத்தால் மெல்லிய சிடுசிடுப்பு. பாக்டீரியா மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றிக்கொண்டிருக்கிறது, ஒயினின் புளிப்பு தணிகிறது. மரத்தின் வழியே ஆவியாகிக் குறைவதை வாரந்தோறும் நிரப்புகிறோம். மேலே காற்று நின்றால் காடிதான்.

இது முடிந்ததும் கிருமிகளை அடக்கக் கந்தகம் போடுவதா இல்லையா என்று வீட்டில் பெரிய பேச்சு. அப்பாவுக்கு வேண்டாம். பிஎச் 3.7, அமிலம் இவ்வளவு குறைந்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம் என்கிறான் தம்பி. கணக்கில் அவன் சொல்வதுதான் சரி. கடைசியில் ஒரே ஒரு பீப்பாயை மட்டும் அப்பாவுக்காகக் கந்தகமில்லாமல் விடுவதாக முடிவு. அதை நிரப்புகிற வேலை தன்னுடையதல்ல என்று தம்பி இப்போதே அறிவித்துவிட்டான்.