மாமாவின் கேள்வி

மாமாவுக்கு மூளைக்கட்டி வெட்டி எடுத்து மூன்று மாதம். நேற்றுப் பின்னேரம் முரசுமோட்டையில் வயல் வரம்பில் குந்தியிருந்தார். தொப்பிக்குக் கீழே தையல் தழும்பு காதோரம் வரை தெரிந்தது.

"தம்பி, நான் எங்கயும் விழவும் இல்லை, அடிபடவும் இல்லை. இது எதில இருந்தடா முளைச்சது?"

முதிர்ந்த நரம்புக்கலங்கள் பொதுவாகப் பிரிவதில்லை. அதனால் சந்தேகம் இன்னும் பிரிந்துகொண்டிருக்கும் கலங்கள் மேல்தான். மாமாவுக்கு வந்தது கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டி. அந்த நோயாளிகள் சிலரின் மூளையில், கட்டிக்குத் தள்ளியிருந்த ஓர் இடத்தையும் தென்கொரிய ஆய்வாளர்கள் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். மூளைக்குள் நீர் நிற்கும் அறைகள் இருக்கின்றனவே, அவற்றின் சுவரோரம். பிரிந்து புதுக் கலங்களை உண்டாக்கும் தண்டுக்கலங்கள் குடியிருக்கிற இடம். அங்கே கட்டியே இல்லை. ஆனாலும் 16 பேரில் 9 பேரிடம், கட்டியில் இருந்த அதே மரபணுப் பிழைகள் அங்கேயும் கொஞ்சமாக இருந்தன. எலிகளில் அப்படிப் பிழைபட்ட கலங்கள் சுவரோரத்தை விட்டு நகர்ந்துபோய், தூரத்தில் கட்டியாகின.

எல்லா மூளைக்கட்டிக்கும் இதே கதை இல்லை. பிள்ளைகளுக்குச் சிறுமூளையில் வரும் மெடுலோபிளாஸ்டோமா வேறு இளங்கலங்களிலிருந்து வருவது. இதையெல்லாம் மாமாவிடம் எப்படிச் சொல்வது? வாய்க்காலைக் காட்டினேன்.

"குளத்தடியில விழுந்த நெற்சப்பிக் களை விதை, தண்ணியோட வந்து உங்கட வயலில முளைச்ச மாதிரி மாமா."

கொஞ்ச நேரம் வாய்க்காலையே பார்த்தார்.

"அப்ப டொக்டர் வயலை மட்டும்தானே துப்பரவாக்கினவர்?"