ஏரியைச் சுற்றியவர்கள் தீவைச் சுற்றப் போகிறோம்

டிசம்பர் 28, ஞாயிறு

கடையில் இருந்த 22 சைக்கிளும் இன்று வெளியே போய்விட்டன. மதியத்துக்கு மேல் ஏரிச் சாலையில் குதிரைக்கும் காருக்கும் நடுவே சக்கரம் நுழைய இடமில்லை. வருடக் கடைசியில் கொடைக்கானல் இப்படித்தான். ஏரியைச் சுற்றி 5 கி.மீ.; எந்தப் பக்கம் கிளம்பினாலும் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். பதினைந்து வருடமாக அந்த வட்டத்தைத்தான் மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஷட்டரை இறக்கிவிட்டு டீ குடிக்கும்போது, எங்களோடு சைக்கிள் ஓட்டும் டீச்சர் ஆரம்பித்தார். "ஏரியச் சுத்தினது போதும் தம்பி, ஒரு தீவைச் சுத்துவமா?" ராமேஸ்வரம் இருக்கிற பாம்பன் தீவு. தார் ரோடு வேண்டாம், கரையோரமாகவே மணலிலும் ஒற்றையடிப் பாதையிலும். பூம்பாறை அண்ணன் யோசிக்கவே இல்லை. "சமதரைதானே, ரெண்டு நாள்ல முடிச்சிரலாம்." மன்னவனூர் ஏற்றத்தில் பேசிக்கொண்டே மிதிக்கிற ஆள் அவர். சமதரை என்றால் கட்டிலில் படுத்திருப்பது மாதிரி அவருக்கு.

ஜனவரி 2, வெள்ளி

கைபேசியில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் கண் எரிகிறது. பாம்பனிலிருந்து தீவின் கடைக்கோடியான அரிச்சல்முனை 30 கி.மீ. சொச்சம். தெற்குக் கரையில் போய் வடக்குக் கரையில் திரும்பினால் வளைவு நெளிவோடு 70 வரும் என்று கணக்குப் போட்டேன். டீச்சர் அதை ஒரு தாளில் சிவப்புப் பேனாவால் வரைந்து கொடுத்தார். மூடிய கோடு. கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன்.

தேதி: தை அமாவாசை ஜனவரி 18, அன்று ராமேஸ்வரத்தில் கால் வைக்க முடியாது. பிப்ரவரி 1 தைப்பூசம், பழனிக்கு நடந்து போகிறவர்களால் கீழே ரோடெல்லாம் நிறைந்திருக்கும். 15-ம் தேதி சிவராத்திரி. ஆகவே பிப்ரவரி 7, 8. கடைக்கும் அதுதான் மந்தமான மாதம்.

ஜனவரி 7, புதன்

தங்கச்சிமடம் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். நாட்டுப்படகுக்காரர். சைக்கிள் என்றதும் சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். அரை மணி நேரம்.

எல்லாரும் சொல்வதுபோல, கடல் வற்றும் நேரம் பார்த்து ஈர மணலில் ஓட்டலாம் என்று நான் ஓத அட்டவணையெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். "அட போப்பா. இங்க ஏத்த வத்தம்னா ஒரு முழம், மிஞ்சிப்போனா ரெண்டு முழம். அத நம்பி ரோடு போடுவியா? காத்தக் கேளு முதல்ல." இப்போது வாடை. வடகிழக்கிலிருந்து வருகிறது. முனைக்குப் போகும்போது இடது தோளில் அடிக்கும், திரும்பும்போது வலது தோளில். முதுகில் தள்ளிவிடும் என்று கனவு காணாதே என்றார். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று எழும்பிவிட்டால் மணல் மூஞ்சியில் ஊசியாகக் குத்துமாம், அந்த மாதங்களில் சைக்கிளை நினைக்கவே கூடாதாம்.

இன்னொன்றும் சொன்னார். தீவுக்கு வடக்கே இருப்பது பெண் கடல், தெற்கே ஆண் கடல். பாக் நீரிணைப் பக்கம் அமைதி, மன்னார் வளைகுடாப் பக்கம் முரடு என்பது பேர் வைத்தவர்களின் கணக்கு. ஆனால் வாடைக் காலத்தில் கொந்தளிப்பது பெண் கடல்தான். "பேரப் பாத்து ஏமாந்துராத" என்றார். கடலைத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன், பக்கத்தில் சித்தியின் குரல் கேட்டது.

ஜனவரி 11, ஞாயிறு

மணலில் ஓட்டிப் பழக வேண்டும். கொடைக்கானலில் மணலுக்கு எங்கே போவது? காலையில் மன்னவனூர் புல்வெளியில் உறைபனி வெள்ளை வெளேரென்று இருந்தது, அதில் ஓட்டினால் சக்கரம் சறுக்குகிறதே தவிர புதையவில்லை. கடைசியில் பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறவரிடம் கேட்டு, எம்-சாண்ட் குவியலைப் பரப்பி ஓட்டிப் பார்த்தோம். அண்ணன் மூன்றாவது மிதியில் கவிழ்ந்தார். கொத்தனார் கைதட்டினார்.

ஜனவரி 16, வெள்ளி, மாட்டுப்பொங்கல்

அண்ணனின் கேரட் வண்டியிலேயே சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு கீழே அணைப்பட்டிப் பக்கம் வைகை மணலுக்குப் போனோம். இன்று கற்றுக்கொண்டதை எழுதிவைக்க வேண்டும்.

மேலே டயருக்கு மிகச் சரியாக 18 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்துவிட்டுக் கிளம்பினேன். கீழே அளந்தால் 16 சொச்சம். வால்வு ஒழுகுகிறது என்று அண்ணன் எச்சில் தொட்டுத் தடவிப் பார்த்தார், குமிழி இல்லை. அப்போது டீச்சர் வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டினார். மலையில் பாதி குடித்து மூடியது, வத்தலக்குண்டு வந்து சேர்வதற்குள் சப்பிப்போயிருந்தது. எத்தனை ஆயிரம் முறை பார்த்திருக்கிறோம்! மேலே ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பும், இறங்கும்போது பாட்டில் சப்பும். டயருக்கும் அதே சங்கதிதான். 2,100 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்குப் போனால் வெளிக்காற்றின் அழுத்தம் மட்டுமே 3 பி.எஸ்.ஐ. கூடிவிடும், காற்றளக்கும் மீட்டர் அவ்வளவு குறைத்துக் காட்டும். சமவெளிச் சூடு அதில் பாதியைத் திருப்பிக் கொடுக்கும். ஆக, காற்று அடிப்பது பாலத்துக்கு இக்கரையில் உள்ள மண்டபம் ஊரில் இறங்கிய பிறகுதான்.

மணலில் 18 பயனில்லை. டியூப் இல்லாத டயர் போட்ட டீச்சர் 13-க்கு இறக்கிவிட்டு மிதந்து போனார். நானும் அண்ணனும் டியூப்காரர்கள். அவ்வளவு இறக்கினால் கல்லில் இடித்ததும் ரிம் டியூபைக் கடித்துவிடும். இரண்டு பேரும் மாற்றிக்கொள்வதென்று முடிவு. உள்ளே ஊற்றும் திரவம் முள்ளுக்கும் நல்லது. ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலம், தீவுக்குள் போனால் உடைமரம். இரண்டுக்கும் முள் விரல் நீளம்.

இருக்கையில் பின்னுக்குத் தள்ளி உட்கார வேண்டும், ஹேண்டிலை இறுக்கக் கூடாது, வேகம் குறைந்தால் கியரை மாற்றாமல் இறங்கித் தள்ள வேண்டும். மலையில் இறங்கித் தள்ளுவது எங்களுக்கு மானப் பிரச்சினை. மணலில் அது இல்லை. அண்ணனுக்கு இன்னும் ஒத்துவரவில்லை.

ஜனவரி 21, புதன்

சிவப்புக் கோடு அறுந்தது.

டீச்சர் ராத்திரியெல்லாம் படித்துவிட்டு வந்திருக்கிறார். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒலிவ நிற ஆமைகள் தனுஷ்கோடிக் கரையில் ஏறி முட்டையிடும் காலம். வனத்துறையினர் விடியற்காலையில் தடம் பார்த்துப் போய் முட்டைகளை எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்துவைக்கிறார்கள். அவர்கள் தேடும் தடத்தின் மேலேயே நாங்கள் டயரை ஓட்டுவதா? காற்று அடங்குகிற மாதங்களும் ஆமை ஏறுகிற மாதங்களும் ஒன்றாகவே இருக்கின்றன. இதற்கு வழியே இல்லை.

வடக்குக் கரையும் போச்சு. கோதண்டராமர் கோயிலைச் சுற்றி இந்த மாதங்களில் தண்ணீர் தேங்கிச் சேறாகக் கிடக்கும், பூநாரைகள் வந்து இறங்கும். 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாகவே அறிவித்துவிட்டார்கள். அண்ணன் முணுமுணுத்தார்: "இங்கயும் சரணாலயம், அங்கயும் சரணாலயம்." எங்கள் காடுகள் 2013-ல் வனவிலங்குச் சரணாலயம் ஆனபோதும் அவர் இப்படித்தான் முணுமுணுத்தார். ஆனால் பேரிஜம் போக இன்றைக்கும் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போகிறார். அனுமதியில்லாத காட்டுப் பாதையில் பைக்கை விட்டுவிட்டு வீடியோ போடுகிற கீழ்நாட்டுப் பையன்களைத் திட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதை நினைவுபடுத்தினேன். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கும் வருத்தம்தான். வட்டம் மூடாது என்பது மனதுக்கு என்னவோபோல் இருக்கிறது. தாளைக் கிழிக்கவில்லை, கோட்டில் இரண்டு இடத்தில் வெள்ளை மை பூசினேன்.

ஜனவரி 25, ஞாயிறு

புது வழி. வெள்ளி ராத்திரி கேரட் வண்டியில் மதுரை மாட்டுத்தாவணி, அங்கிருந்து விடியலில் வேன் பிடித்து மண்டபம். சாலைப் பாலத்தில் 2 கி.மீ.க்கு மேல் மிதிக்க வேண்டும், பக்கத்திலேயே 2025-ல் திறந்த புது ரயில் பாலம். பாம்பனில் இறங்கி, விவேகானந்தர் 1897-ல் வந்திறங்கிய குந்துகால். எதிரே குருசடைத் தீவு, கடல்வாழ் தேசியப் பூங்கா, பார்வையோடு சரி. அங்கிருந்து தெற்குக் கரையை ஒட்டிப் பனைகளுக்கு நடுவே மண்பாதை. வலை காயப்போட்டிருந்தால், கருவாடு விரித்திருந்தால் இறங்கித் தள்ள வேண்டும். இது சித்தப்பாவின் கட்டளை. "அது ரோடு இல்லப்பா, எங்க முத்தம்." வீட்டு முற்றத்தைச் சொல்கிறார்.

இரண்டாம் நாள் அரிச்சல்முனை. முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் கடைசி ஒன்பதரைக் கி.மீ.யும் தார் ரோடுதான், 2017-ல் போட்டது. அதற்கு முன் வேனும் ஜீப்பும் மணலில் தத்தளித்துப் போகும். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் ரயிலோடு போன தனுஷ்கோடி அந்த வழியில்தான். சித்தப்பாவின் அப்பா அந்த ராத்திரியைப் பற்றிப் பேசவே மாட்டாராம். ஓரமாக மெதுவாகப் போய்விட்டு, இருட்டும் முன் போலீஸார் விரட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். வில்லூண்டி, அக்காள்மடம் வழியாகக் கரையோரம் கிடைத்த வரைக்கும் மண்பாதை.

70-ல் மணலும் மண்ணும் 25 தேறினால் அதிகம். அண்ணன் வருகிறார். "முத்தம்னு சொன்னாருல்ல, அப்புறம் என்ன" என்றார்.

பிப்ரவரி 5, வியாழன்

சங்கிலிக்கு மெழுகு வகை எண்ணெய் போட்டாயிற்று. பிசுபிசுப்பான எண்ணெய் மணலை அள்ளிச் சேர்க்கும். உப்புக் காற்றுக்குத் தினமும் சைக்கிளைக் கழுவ வேண்டும் என்று சித்தப்பாவிடம் சொன்னதுதான் தப்பு. "குடிக்கிற தண்ணியக் காசு குடுத்துக் கொடத்துல வாங்குறோம், நீ சைக்கிளக் குளிப்பாட்டப் போறியா?" ஈரத்துணி நான்கு எடுத்து வைத்தேன்.

பை கட்டிவிட்டு எடை போட்டேன், 7 கிலோ. ஒவ்வொரு கிராமாகக் குறைத்து, கூடுதல் டயரைக்கூட வெளியே எடுத்து 6-க்குக் கொண்டுவந்தேன். அப்போது சித்தியிடமிருந்து போன். பூம்பாறைப் பூண்டு 2 கிலோ, தைலம் பெரிய பாட்டில் ஒன்று. அண்ணன் ஏற்கெனவே மூட்டை கட்டி வைத்திருக்கிறாராம், 5 கிலோ.